நியூ ஜெர்சி ஆளுநர் தேர்தல்: கட்சி சாராத வாக்காளர் ஜூன் மாதம் வாக்களிக்க வேண்டுமா?

மெட்ரோபார்க் பயணி, 21 மே 2025

அனைவருக்கும் வணக்கம். எடிசனில் பதினான்கு ஆண்டுகளாக வசிக்கிறேன். கடந்த பிப்ரவரியில் குடியுரிமை உறுதிமொழி எடுத்த கையோடு வாக்காளராகவும் பதிவு செய்துகொண்டேன். படிவத்தில் கட்சியைக் கேட்டிருந்த கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டேன். எந்தக் கட்சியிலும் என்னைச் சேர்த்துக்கொள்ளும் எண்ணம் அப்போது இல்லை.

இப்போது ஆளுநர் தேர்தல் வந்திருக்கிறது. ஆளுநர் ஃபில் மர்பி அடுத்தடுத்து இரண்டு முறை பதவி வகித்துவிட்டதால் தொடர்ந்து மூன்றாம் முறை நிற்க மாநில அரசியலமைப்பு இடம் தரவில்லை. கட்சிகளின் வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்க ஜூன் 10-இல் நடக்கும் உட்கட்சித் தேர்தலில் ஜனநாயகக் கட்சியில் ஆறு பேரும் குடியரசுக் கட்சியில் ஐந்து பேரும் நிற்கிறார்கள். என் துணைவியார் ஏற்கெனவே ஜனநாயகக் கட்சி வாக்காளராகப் பதிவு செய்தவர். அவருக்கு அஞ்சல் வாக்குச்சீட்டு வந்துவிட்டது. இரவு உணவுக்குப் பிறகு அதை மேசையில் விரித்து வைத்து இருவரும் படித்தோம். ஆறு பெயர்களில் நாலைந்து பேரைத் தொலைக்காட்சி விளம்பரங்களில் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

நான் ஜூனில் வாக்களிக்க முடியுமா, முடிந்தாலும் அதனால் பயன் உண்டா, அல்லது நவம்பர் 4 பொதுத் தேர்தல் வரை காத்திருப்பதுதான் முறையா என்பது என் முதல் கேள்வி. அதைவிட அடிப்படையான இன்னொரு கேள்வியும் இருக்கிறது. சென்ற வெள்ளிக்கிழமை ரயில் ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் தொடங்கியதால் நான் அலுவலகம் போக முடியவில்லை. நேற்றுதான் ரயில்கள் மீண்டும் ஓடின. ஜூன் முதல் தேதியிலிருந்து மின்கட்டணம் 17 முதல் 20 சதவீதம் வரை ஏறப் போகிறது என்று அறிவித்திருக்கிறார்கள். வீட்டு வரியைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. இவற்றில் எதையாவது ஓர் ஆளுநரால் மாற்ற முடியுமா? ஊரில் அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னபோது, "ஆளுநரை டெல்லியில்தானே போடுவார்கள், அதற்கு எதற்கப்பா ஓட்டு?" என்று கேட்டார். அவருக்குச் சரியாக விளக்க எனக்கே தெரியவில்லை.

தேர்தல் மேசை, 21 மே 2025

வணக்கம், முதல் வாக்குக்கு வாழ்த்துகள். நான் சில ஆண்டுகளாக மிடில்செக்ஸ் கவுண்டியில் (நம் மாவட்டம் போன்றது) வாக்குச்சாவடிப் பணி செய்கிறேன். நடைமுறையை மட்டும் சொல்கிறேன்; மற்றதை மற்றவர்கள் சொல்வார்கள்.

உங்களால் வாக்களிக்க முடியும். கட்சி சாராதவராகப் பதிவு செய்தவர் ஜூன் 10 அன்று சாவடிக்கு வந்து, மேசையில் எந்தக் கட்சியின் தேர்தலில் வாக்களிக்க விரும்புகிறார் என்று அறிவித்தால் போதும். அந்த நிமிடத்திலிருந்து நீங்கள் அந்தக் கட்சியின் வாக்காளர் என்று பதிவேட்டில் ஏறிவிடும். பிறகு வேண்டாம் என்று தோன்றினால் ஒரு படிவம் நிரப்பிக் கொடுத்துப் பழைய நிலைக்குத் திரும்பலாம். ஆனால் ஏற்கெனவே ஒரு கட்சியில் இருப்பவர் மறுகட்சியின் உட்கட்சித் தேர்தலில் வாக்களிக்க விரும்பினால், தேர்தலுக்கு 55 நாட்களுக்கு முன்பே மாறியிருக்க வேண்டும். உங்கள் துணைவியாருக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது. சாவடிகள் காலை 6 மணிக்குத் திறந்து இரவு 8 மணிக்கு மூடும். ஜூன் 3 முதல் 8 வரை முன்கூட்டியே நேரில் வாக்களிக்கும் மையங்களும் உண்டு.

மேசையில் உட்கார்ந்து நான் அடிக்கடி பார்க்கும் காட்சி ஒன்று உண்டு. நம்மவர்கள் வந்து நின்று, கட்சியைச் சொல்லுங்கள் என்றதும் முகம் மாறி, "அப்படியானால் வேண்டாம்" என்று திரும்பிப் போய்விடுகிறார்கள். கட்சியில் சேர்வது என்றால் உறுப்பினர் அட்டை, சந்தா, கூட்டம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி எதுவும் இல்லை. பதிவேட்டில் ஒரு சொல் மாறுகிறது, அவ்வளவே.

ராரிட்டன் கரை, 22 மே 2025

நண்பரே, ஜூனில் வாக்களியுங்கள் என்று நான் அழுத்தமாகவே சொல்வேன். காரணத்தைச் சொல்ல, இதற்கு முன் பதவியில் இருப்பவர் போட்டியிடாத ஆளுநர் தேர்தல் எப்படி நடந்தது என்பதை நினைவூட்ட வேண்டும்.

அது 2017. கிறிஸ் கிறிஸ்டி இரண்டு முறை முடித்துவிட்டார். ஜனநாயகக் கட்சியில் அப்போது பலமானவர்கள் என்று பேசப்பட்டவர்கள் ஜெர்சி சிட்டி மேயர் ஸ்டீவன் ஃபுலாப்பும் மாநில மேலவைத் தலைவர் ஸ்டீவ் ஸ்வீனியும். மர்பி அதுவரை எந்தத் தேர்தலிலும் நின்றிராத முன்னாள் வங்கியாளர், ஜெர்மனியில் தூதராக இருந்தவர். 2016 செப்டம்பர் இறுதியில் ஃபுலாப் திடீரென்று விலகி மர்பியை ஆதரித்தார். வடக்கிலுள்ள பெரிய கவுண்டிகளின் கட்சித் தலைவர்கள் அடுத்தடுத்து மர்பி பக்கம் சாய, அக்டோபரில் ஸ்வீனியும் விலகிக்கொண்டார். உட்கட்சித் தேர்தல் நடந்தது 2017 ஜூனில். அதாவது ஒரு வாக்காளர்கூட ஒரு வாக்குக்கூடச் செலுத்துவதற்கு எட்டு மாதங்களுக்கு முன்பே முக்கியமான போட்டி முடிந்துவிட்டது. ஜூனில் எதிர்த்து நின்றவர்கள் இருந்தார்கள், மர்பி 48 சதவீதம் பெற்று வென்றார், ஆனால் முடிவு யாருக்கும் வியப்பாக இல்லை.

கவுண்டித் தலைவர்களுக்கு அவ்வளவு வலிமை எங்கிருந்து வந்தது என்றால், வாக்குச்சீட்டின் வடிவத்திலிருந்துதான். மாநிலத்தின் 21 கவுண்டிகளில் சேலம், சஸெக்ஸ் தவிர மற்ற 19-இலும் 'கவுண்டி வரிசை' என்ற முறை இருந்தது. கட்சி அமைப்பின் ஆதரவு பெற்றவர்களின் பெயர்கள் எல்லாம், ஆளுநர் அல்லது செனட்டர் தொடங்கி ஊராட்சி உறுப்பினர் வரை, ஒரே நேர்வரிசையில் அச்சாகும். ஆதரவு பெறாதவரின் பெயர் சீட்டின் மறுகோடியில், பக்கத்தில் வெற்றுக் கட்டங்களோடு, சில சமயம் அவருக்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு பதவியின் வேட்பாளரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த மூலைக்கு இங்குள்ள அரசியல்காரர்கள் 'சைபீரியா' என்று பெயர் வைத்திருந்தார்கள். என் பழைய வாக்குச்சீட்டு ஒன்றில் ஒரு வேட்பாளரைத் தேடி, விரலை வைத்துக் கட்டம் கட்டமாக நகர்த்தி, கடைசி நிரலுக்கும் முந்திய நிரலில் கண்டுபிடித்தது இன்றும் நினைவிருக்கிறது. அவ்வளவு பொறுமை எல்லாருக்கும் இருக்குமா?

இதை உடைத்தது, அப்போது அமெரிக்க நாடாளுமன்றக் கீழவை உறுப்பினராக இருந்த ஆண்டி கிம் தொடுத்த வழக்கு. 2023 செப்டம்பரில் செனட்டர் பாப் மெனண்டஸ் மீது ஊழல் குற்றச்சாட்டு வந்ததும் கிம் செனட் தேர்தலில் இறங்கினார். ஆளுநரின் மனைவி டாமி மர்பியும் இறங்கினார். பெரிய கவுண்டிகள் பல அவருக்கே வரிசையைக் கொடுத்தன. கிம் நீதிமன்றம் போனார். 2024 மார்ச் 29 அன்று கூட்டாட்சி நீதிபதி ஜாஹித் குரேஷி, அந்த ஆண்டின் ஜனநாயகக் கட்சித் தேர்தலுக்கு வரிசை முறையைப் பயன்படுத்தக் கூடாது என்று தடை விதித்தார். டாமி மர்பி அதற்குச் சில நாட்கள் முன்பே விலகியிருந்தார். இந்த ஆண்டு மார்ச்சில் சட்டமே திருத்தப்பட்டுவிட்டது. உங்கள் வீட்டு மேசையில் இருந்த சீட்டில் ஆளுநர் பதவிக்கான ஆறு பெயர்களும் ஒரே கட்டத்துக்குள் சேர்ந்து இருந்திருக்குமே, அதுதான் மாற்றம். வரிசை முறை போன பிறகு நடக்கும் முதல் ஆளுநர் உட்கட்சித் தேர்தல் இதுவே.

2016-இல் வாக்குப்பதிவுக்கு எட்டு மாதம் முன்பு விலகிக்கொண்ட அதே ஃபுலாப்பும் ஸ்வீனியும் இம்முறை கடைசிவரை நிற்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். அவர்களோடு அமெரிக்க நாடாளுமன்ற (காங்கிரஸ்) உறுப்பினர்கள் மைக்கி ஷெரில், ஜாஷ் காட்ஹைமர், நூவர்க் மேயர் ராஸ் பராக்கா, ஆசிரியர் சங்கத் தலைவர் ஷான் ஸ்பில்லர். இங்கே இரண்டாம் சுற்று கிடையாது. ஆறு பேர் பிரித்துக்கொள்ளும்போது 30 சதவீதத்தைச் சற்றுத் தாண்டியவர்கூட வேட்பாளராகிவிடலாம். உங்கள் ஒரு வாக்குக்கு இவ்வளவு எடை இனி எப்போது வரும் என்று எனக்குத் தெரியவில்லை.

மோரிஸ் மலை, 22 மே 2025

ராரிட்டன் கரை ஐயா சொன்ன வரலாற்றில் எனக்கு மறுப்பில்லை. முடிவில் மட்டும் மாறுபடுகிறேன்.

வரிசை போனதால் கட்சி அமைப்பின் பிடி தளர்ந்தது உண்மை. ஆனால் அந்த இடத்தைப் பிடித்தது யார்? பணம். அரசுநிதித் திட்டத்தில் சேரும் வேட்பாளருக்கு அவர் திரட்டும் ஒவ்வொரு டாலருக்கும் மாநிலம் இரண்டு டாலர் தருகிறது, பதிலுக்கு அவர் செலவு வரம்பை ஏற்று, விவாதங்களில் கலந்துகொள்ள வேண்டும். 1970-களிலிருந்து நடந்துவரும் நல்ல ஏற்பாடு. ஆனால் வெளிக் குழுக்களுக்கு அந்த வரம்பு இல்லை. ஸ்பில்லர் அரசுநிதிக்குத் தேவையான தொகையைக்கூடத் திரட்டவில்லை; அவருக்காக அவருடைய சங்கத்தின் பணத்தில் இயங்கும் குழு பல கோடி டாலரைக் கொட்டுகிறது. என் அஞ்சல் பெட்டியில் வாரத்துக்கு மூன்று வண்ணத் தாள்கள் விழுகின்றன. கவுண்டித் தலைவர்களின் ஆதரவும் மறைந்துவிடவில்லை. இம்முறை பல கவுண்டி அமைப்புகள் ஷெரிலின் பின்னால் நிற்கின்றன.

அடுத்து, கட்சி சாராமல் இருப்பதற்கும் ஒரு மதிப்பு உண்டு என்று நான் நம்புகிறேன். பதிவான வாக்காளர்களில் ஜனநாயகக் கட்சியினர் குடியரசுக் கட்சியினரைவிடச் சுமார் 8 லட்சம் பேர் அதிகம். இருந்தும் 2021-இல் மர்பி குடியரசுக் கட்சியின் ஜாக் சிட்டரெல்லியை வென்றது சுமார் 84,000 வாக்கு வித்தியாசத்தில்தான். அதே இரவில் பத்தாண்டுகளுக்கு மேல் மேலவைத் தலைவராக இருந்த ஸ்வீனி, ஒரு லாரி ஓட்டுநரிடம் தன் தொகுதியை இழந்தார். கட்சி சாராத இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நவம்பரில் எந்தப் பக்கம் போகிறார்கள் என்பதே இந்த மாநிலத்தில் முடிவைத் தீர்மானிக்கிறது. இம்முறையும் நிற்கும் சிட்டரெல்லிக்கு டிரம்ப் இம்மாதம் ஆதரவு அறிவித்துவிட்டதால் அந்தப் பக்கத்தில் ஜூன் முடிவு ஏறத்தாழத் தெரிந்ததுதான். 1961-க்குப் பிறகு எந்தக் கட்சியும் இங்கே தொடர்ந்து மூன்றாவது முறை ஆளுநர் பதவியை வென்றதில்லை. ஆகவே என் கண்ணுக்கு நவம்பர்தான் பெரிது.

ட்ரெண்டன் நடை, 23 மே 2025

இரண்டு பேரும் முதல் கேள்வியோடு நின்றுவிட்டீர்கள். தம்பியின் அப்பா கேட்ட கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். மாநில அரசு அலுவலகத்தில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான்.

அப்பாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: நம் ஊர் ஆளுநரை இந்திய அரசியலமைப்பின் 155-ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவர் நியமிக்கிறார்; இங்கே அந்தப் பெயரில் இருப்பவர் உண்மையில் முதலமைச்சர். சட்டமன்ற உறுப்பினர்களை நம்பி நிற்காமல் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த முதலமைச்சர். அதிலும் நியூ ஜெர்சி தனி. பல மாநிலங்களில் தலைமை வழக்கறிஞர், கருவூலர், மாநிலச் செயலர் என்று ஒவ்வொருவரையும் மக்களே தேர்ந்தெடுப்பார்கள். 1947-இல் எழுதிய அரசியலமைப்பின்படி இங்கே நிர்வாகத்தில் மாநிலம் முழுவதும் வாக்குப் பெற்று வருபவர்கள் ஆளுநரும் அவரோடு சேர்ந்தே நிற்கும் துணை ஆளுநரும் மட்டுமே. தலைமை வழக்கறிஞர், உச்ச நீதிமன்ற நீதிபதிகள், கவுண்டி அரசு வழக்கறிஞர்கள் அனைவரையும் ஆளுநர் நியமித்து மேலவை ஒப்புகிறது. நிதிநிலை அறிக்கையில் தனக்கு ஒப்பாத ஒரு வரியை மட்டும் அடித்துவிட்டு மீதியில் கையெழுத்திடும் அதிகாரமும் உண்டு. துணை ஆளுநர் பதவிகூட 2005-இல் செய்த திருத்தத்தால் வந்தது. அதற்கு முன் ஆளுநர் விலகினால் மேலவைத் தலைவரே இரண்டு பதவிகளையும் சுமப்பார். 2002 ஜனவரியில் புதிய ஆளுநர் பதவியேற்கும் வரையிலான ஒரே வாரத்தில் மூன்று பேர் அடுத்தடுத்துப் பொறுப்பு ஆளுநராக இருந்தார்கள். யாருடைய கடிதத்தாளில் எந்தப் பெயரை அச்சிடுவது என்று அந்த வாரம் அலுவலகத்தில் கேட்டுக்கொண்டிருந்தோம்.

இனி உங்கள் மூன்று கவலைகள். ரயில்: மாநிலப் போக்குவரத்துக் கழகத்தின் நிர்வாகக் குழுவை ஆளுநரே நியமிக்கிறார், அந்தக் குழுவின் தீர்மானத்தை ரத்து செய்யவும் அவருக்கு அதிகாரம் உண்டு. உங்கள் ரயில் மன்ஹாட்டனுக்குப் போகும் ஹட்சன் சுரங்கம் 1910-இல் திறந்தது. 2012-இல் சாண்டி புயலின்போது உப்புநீர் புகுந்து சேதமானது. அதற்குத் துணையாக இன்னொரு சுரங்கம் தோண்டும் வேலை 2009-இலேயே தொடங்கியிருந்தது. 2010 அக்டோபரில் கிறிஸ்டி, செலவு மீறிப்போகும் என்று சொல்லி அதைக் கைவிட்டார். சட்டமன்றம் வாக்கெடுப்பு நடத்தி எடுத்த முடிவு அல்ல அது. ஒரு மனிதர் எடுத்த முடிவு. மெட்ரோபார்க் நடைமேடையில் நீங்கள் நின்று காத்திருக்கும் நிமிடங்களில் ஒரு பங்கு அந்த முடிவிலிருந்து வருகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மின்கட்டணத்தில் அவர் கை அவ்வளவு நீளம் இல்லை. 13 மாநிலங்களுக்கு மின்சாரத்தைப் பகிரும் பி.ஜே.எம். அமைப்பு, மின்நிலையங்களைத் தயார்நிலையில் வைத்திருப்பதற்காக ஏலம் நடத்துகிறது. 2024 ஜூலை ஏலத்தில் ஒரு மெகாவாட்டுக்கு ஒரு நாள் விலை 28.92 டாலரிலிருந்து 269.92 டாலராகப் பாய்ந்தது. ஜூன் மாதம் உங்கள் பில்லில் வரப் போகும் ஏற்றத்தின் பெரும்பகுதி அங்கிருந்து வருவது. ஆளுநர் செய்யக்கூடியது, கட்டணத்தை ஒழுங்குபடுத்தும் ஐவர் வாரியத்துக்கு ஆட்களை நியமிப்பது, புதிய மின்நிலையங்களுக்கு வழி செய்வது, பி.ஜே.எம்.-இடம் மற்ற மாநில ஆளுநர்களோடு சேர்ந்து வாதாடுவது. உடனே குறைப்பேன் என்று யார் சொன்னாலும், எந்தச் சட்டத்தின் கீழ் என்று கேளுங்கள். வீட்டு வரியும் அப்படித்தான். மாநிலச் சராசரி 2024-இல் 10,000 டாலரைத் தாண்டிவிட்டது. அதில் பாதிக்கு மேல் பள்ளிகளுக்குப் போகிறது. விதிப்பது ஊரும் பள்ளி வாரியமும் கவுண்டியும். பள்ளிகளுக்கு மாநிலம் எவ்வளவு உதவித்தொகை தருகிறது என்பதில்தான் ஆளுநரின் பேனா நுழைகிறது.

இவ்வளவு அதிகாரம் உள்ள ஓர் இடத்துக்கு ஆள் தேடும்போது, ஆறு பேரில் ஒருவரா இரண்டு பேரில் ஒருவரா என்று நீங்கள் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. இரண்டிலும் கலந்துகொள்ளுங்கள்.

மெட்ரோபார்க் பயணி, 11 ஜூன் 2025

அனைவருக்கும் நன்றி. நேற்று அலுவலகம் போகும் முன் காலை ஆறரை மணிக்குச் சாவடிக்குப் போனேன். எனக்கு முன்னால் ஒரு முதியவர் மட்டும் நின்றார். மேசையில் இருந்த அம்மா கட்சி கேட்டபோது, இங்கே படித்தது நினைவில் இருந்ததால் தயங்காமல் சொன்னேன். நான்கு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன்.

நான் வாக்களித்தவர் வெல்லவில்லை. ஷெரில் சுமார் 34 சதவீதம் பெற்று வேட்பாளராகிவிட்டார். பராக்கா இரண்டாவது, ஃபுலாப் மூன்றாவது, ஸ்வீனி ஆறாவது. அவ்வளவு பணம் செலவான ஸ்பில்லர் ஐந்தாவதாக வந்ததைப் பார்த்தால், மோரிஸ் மலை அண்ணன் பயந்த அளவுக்குப் பணம் எல்லாவற்றையும் வாங்கிவிடவில்லை என்று தோன்றுகிறது. அமைப்புகளின் ஆதரவு பெற்றவரே வென்றார் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனாலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் வேறு பெயர்களுக்குப் போயின என்பது இம்முறை எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது. குடியரசுக் கட்சியில் சிட்டரெல்லி எதிர்பார்த்தபடியே மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பெற்றார்.

மோரிஸ் மலை, 6 நவம்பர் 2025

பழைய இழையைத் தேடி வந்து எழுதுகிறேன், ஏனென்றால் இதில் நான் சொன்னது ஒன்று தவறிவிட்டது. நெருக்கமாக இருக்கும் என்று நினைத்தேன். ஷெரில் சுமார் 57 சதவீதம், சிட்டரெல்லி 42 சதவீதத்தை ஒட்டி. சென்ற ஆண்டு டிரம்ப் வென்ற பஸாயிக் கவுண்டியே திரும்பிவிட்டது. மூன்றாம் முறை வெல்ல முடியாது என்ற அறுபதாண்டு வழக்கமும் முடிந்தது.

கிறிஸ்டி கைவிட்டதற்குப் பிறகு புதிதாகத் தொடங்கிய ஹட்சன் சுரங்கத் திட்டத்தை அக்டோபரில் நிறுத்திவிட்டதாக டிரம்ப் அறிவித்தபோதே எங்கள் பகுதி ரயிலில் பேச்சு மாறியதை நான் கேட்டேன். அதுவரை மின்கட்டணத்துக்கு மர்பியைத் திட்டிக்கொண்டிருந்தவர்கள், சிட்டரெல்லி வாஷிங்டனை எதிர்த்து ஒரு வார்த்தை சொல்வாரா என்று கேட்கத் தொடங்கினார்கள். அவர் வெளிப்படையாக எதிர்த்து நிற்கவில்லை. எனக்கு அவருடைய வரிக் கொள்கையில் மதிப்பு உண்டு. இருந்தும் அந்த வாரம் என் மனமும் மாறியது.

மெட்ரோபார்க் பயணி, 6 நவம்பர் 2025

அண்ணா, நானும் எழுத நினைத்திருந்தேன். அக்டோபர் 25-ஆம் தேதி, முன்கூட்டிய வாக்குப்பதிவின் முதல் நாளிலேயே துணைவியாரும் நானும் சேர்ந்து போய் வாக்களித்தோம். ஜூனில் நான் விரும்பாத பெயருக்கு இம்முறை வாக்களித்தேன். வரிசையில் நிற்கும்போதே அப்பாவுக்குப் புகைப்படம் அனுப்பினேன். "முதலமைச்சருக்குத்தானே?" என்று சரியாகக் கேட்டார்.

பதவியேற்பு ஜனவரி 20. மின்கட்டணத்தில் அவசரநிலை அறிவித்துக் கட்டண உயர்வை நிறுத்தி வைப்பேன் என்று ஷெரில் சொல்லியிருக்கிறார். ட்ரெண்டன் நடை ஐயா மே மாதமே சொன்ன அதே கேள்வியை நான் இப்போது கேட்கிறேன்: எந்தச் சட்டத்தின் கீழ்? ஜூன் முதல் அக்டோபர் வரையிலான ஐந்து பில்களையும் எடுத்து வைத்திருக்கிறேன். ஐயா நேரம் கிடைக்கும்போது விளக்கினால், அதற்குத் தனி இழை ஒன்று தொடங்குகிறேன்.